ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவே

ஆகஸ்ட் 7, திங்கள்

அலுவலகக் குறிப்பேட்டில் "பேருந்து நிலையம் சுத்தமாக உள்ளது. செண்பகவல்லி, தூய்மைப் பணி மேற்பார்வையாளர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். உண்மையை எழுதத்தான் இந்த நோட்டு.

இரண்டாம் நடைமேடைத் தூணுக்குக் காலையில்தான் வெள்ளை அடித்தோம். பத்து மணிக்குள் இடுப்பு உயரத்துக்கு வெற்றிலைச் சாறு வழிகிறது. மதுரை பஸ்ஸில் வந்து இறங்கிய ஓர் ஆள், வெள்ளை வேட்டி, கையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு, என் கண் முன்னாலேயே துப்பினான். ஏன் துப்புகிறீர்கள் என்று கேட்டால் "பின்ன என்ன, முழுங்கவா சொல்லுதீக?" என்கிறான். அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அதையே சுருட்டிப் பல் குத்திக்கொண்டு போகிறான். அடுத்தவனைக் கல்யாணத்துக்கு அழைக்கிற வாய் அது!

பயணிகளைச் சொல்லி என்ன, என் ஆட்களே யோக்கியம் இல்லை. பதினெட்டுப் பேரில் பதினான்கு பேருக்கு வாயில் எந்நேரமும் புகையிலை. கேட்டால் நாற்றத்துக்கு என்பார்கள். எல்லாரையும் மிஞ்சியவள் கழிப்பறைப் பக்கம் பார்க்கிற வேலம்மா. அவள் கன்னம் ஒரு பக்கம் உப்பியே இருக்கும். பேசினால் நான் இரண்டடி தள்ளித்தான் நிற்பேன்.

பல்வலி. கீழ் வரிசை, இடது பக்கம். கொஞ்சம் பொடி வைத்தேன், கேட்டது.

ஆகஸ்ட் 9, புதன்

ஆணையரிடமிருந்து உத்தரவு. வெள்ளிக்கிழமை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம். தூய்மைப் பணியாளர் அத்தனை பேரும் வாயைக் காட்ட வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் மேற்பார்வையாளர்தான் பதில் சொல்ல வேண்டும். பெயர், வயது, புகையிலைப் பழக்கம் உண்டா இல்லையா என்று நானே பட்டியல் போட்டுக் கொடுக்கணுமாம்.

யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. எந்த வாயில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? உட்கார்ந்த இடத்திலேயே நிரப்பினேன். பதினான்கு "உண்டு", நான்கு "இல்லை". பத்தொன்பதாவது பெயர் என்னுடையது. இல்லை.

வீட்டுக்கு வந்தால் மகள் கிருபா என் தலையணை உறையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஓரத்தில் பழுப்புக் கறை. "என்னம்மா இது?" என்றாள். கடலைமிட்டாய் என்றேன். பி.எட். படிக்கிற பெண்ணுக்கு எல்லாவற்றிலும் கேள்வி.

ஆகஸ்ட் 11, வெள்ளி

சீ. இப்படி ஒரு நாள் என் சர்வீஸில் கிடையாது.

முகாம் பயணிகள் ஓய்வறையில். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, டார்ச் விளக்கு, ஐஸ்குச்சி மாதிரி ஒரு மரக்குச்சி. ஒவ்வொருத்தராக உட்கார்ந்து ஆ என்று திறக்க, நான் பக்கத்தில் நின்று பெயரைச் சரிபார்க்க வேண்டும். மஞ்சள் பல், கறுப்புப் பல், பல்லே இல்லாத ஈறு. நேற்றுத் தின்ற மீன் வாடை. முன்தினம் குடித்த சரக்கு வாடை. இருபத்திரண்டு வருஷமாகச் சாக்கடையோடு குடித்தனம் நடத்துகிறவள் நான், எனக்கே குமட்டியது. பல் டாக்டர் நிலோபர் என்று ஒரு சின்னப் பெண், முப்பது வயது இருக்காது. முகத்தைச் சுளிக்கவே இல்லை. "நாக்க நீட்டுங்கம்மா, இந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று ஒவ்வொரு வாய்க்கும் அதே தணிந்த குரல்.

வேலம்மா நாக்கின் வலது ஓரத்தில் சிவப்பாக ஒரு தடிப்பு இருந்தது. பெரிதாக இல்லை, சுண்டைக்காயில் பாதி. டாக்டர் கையுறை விரலால் அமுக்கிப் பார்த்தாள். கழுத்தையும் தடவிப் பார்த்தாள்.

"வலிக்குதாம்மா?"

"வலிச்சா நான் என்னத்துக்கு இங்க இருக்கேன்? வலியே இல்ல தாயி."

"வலிக்காம இருக்கறதுதாம்மா யோசிக்க வைக்குது. இதுல இருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். பயாப்சின்னு சொல்லுவாங்க. பாத்தா மட்டும் என்னன்னு சொல்ல முடியாது."

வேலம்மா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். கத்தி மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுவர் ஓரம் போய் நின்றுகொண்டாள்.

என் பெயருக்கு நேராக நானே ஒரு டிக் அடித்து வைத்திருந்தேன். அந்தப் பெண் விடவில்லை. "நீங்களும் உக்காருங்க மேடம்" என்றாள். அதற்கு முன்பே நான்கு தடவை வாய் கொப்பளித்திருந்தேன், சும்மா ஒரு சுத்தத்துக்காக. அவள் என் கீழ் உதட்டை மடக்கிப் பிடித்தாள். டார்ச்சை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தாள். துணியை வைத்துத் தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள்.

"இடது பக்கம், ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவுல வெள்ளையாப் படிஞ்சிருக்கு. துடைச்சாப் போகல. இந்த இடத்துல எதாவது வைப்பீங்களா மேடம்?"

பதினெட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதுவும் வைப்பதில்லை என்றேன். அவள் பட்டியலைப் பார்த்தாள். என் கையெழுத்தில் "இல்லை" என்று இருந்தது.

"அப்ப பல்லு உரசுறதா இருக்கலாம். பக்கத்துப் பல்லு கூரா இருக்கு, தேச்சு விடுறேன். ரெண்டு வாரம் கழிச்சு ஜி.எச்.சுக்கு வாங்க. மறையலன்னா உங்களுக்கும் துண்டு எடுத்துப் பாத்துரலாம்."

வேலம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆகஸ்ட் 12, சனி

பல்லைத் தேய்த்து விட்டதில் வலி கூடிவிட்டது. இரண்டு தடவை வைக்க வேண்டியதாயிற்று. மருந்துதானே.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேற்றினோம். மிட்டாய் கொடுத்தார்கள். வேலம்மா வாயிலிருந்த புகையிலை உருண்டையை எடுத்துத் துடைப்பக்கட்டையின் தலையில் அப்பி வைத்தாள். மிட்டாயைத் தின்றாள். தின்று முடித்ததும் அந்த உருண்டையை எடுத்து மறுபடியும் வாயில் போட்டுக்கொண்டாள். ஜன கண மன முடிந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்குக் கொடுத்த மிட்டாயை நான் யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

கண்ணாடியில் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 21, திங்கள்

பார்த்தேன். இருக்கிறது. ஊறிய கைவிரல் தோல் மாதிரி, வெளுத்துச் சுருங்கி. பார்க்க அருவருப்பாக இருந்தது. என் வாய்க்குள் இருப்பது என்றே தோன்றவில்லை.

ஆகஸ்ட் 25, வெள்ளி

இன்று நான் ஜி.எச். போயிருக்க வேண்டிய நாள். சந்தைக்குப் பின்னால் சாக்கடை அடைத்துக்கொண்டது. நான் இல்லாவிட்டால் ஆட்கள் இறங்க மாட்டார்கள். (மூன்று பேர் போதும், இறங்கித்தான் இருந்தார்கள். இருந்தாலும் மேற்பார்வை வேண்டாமா?)

அலுவலகத்திலிருந்து கேட்டார்கள், வேலம்மா பயாப்சிக்குப் போனாளா என்று. எல்லார் முன்னாலும் அவளைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.

"கத்தி பட்டாப் பரவிரும் மேடம்" என்றாள். "எங் கொழுந்தன் நல்லாத்தான் இருந்தான். தொண்டையில துண்டு எடுத்தாக. மூணே மாசம், போய்ச் சேந்துட்டான்."

"நல்லா இருந்தவன் என்னத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனான்?"

மற்றவர்கள் அவள் சொன்னதற்கே தலையாட்டினார்கள். கத்தி பட்டால் பரவும் என்பதில் பதினெட்டுப் பேருக்கும் ஒரே கருத்து. கூலி கேட்கிறபோதுகூட இந்த ஒற்றுமையை நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

டாக்டர் நிலோபர் போன் செய்தாள். "துண்டு எடுக்கறதால பரவாதுன்னு அவங்களுக்குச் சொல்லுங்க மேடம். அவங்க கொழுந்தனார் மாதிரி ஆளுங்க எங்ககிட்ட வர்றதே முத்துன பிறகுதான். பழி கத்தி மேல விழுந்துருது. இவங்களுக்கு இப்பதான் ஆரம்பம் மாதிரி தெரியுது. இப்ப விட்டுட்டா நாக்கு போகும், கழுத்துக்கு எறங்கும். எப்படியாவது கூட்டிட்டு வாங்க."

பார்க்கிறேன் என்றேன்.

"நீங்களும் வரலையே மேடம்?"

ஆறிவிட்டது என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இதுதான் போலிருக்கிறது. சொல்லி முடித்ததும் நாக்கு தானாக அந்த இடத்துக்குப் போய்த் தடவிப் பார்த்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் கிருபா கேட்டாள். "அம்மா, நீ ஏன் நாக்க உள்ள விட்டுத் துழாவிக்கிட்டே இருக்க?" புளிக்குழம்பில் காரம் என்றேன்.

செப்டம்பர் 4, திங்கள்

எழுதுவதா வேண்டாமா என்று ரொம்ப நேரம் நோட்டை மூடி மூடித் திறந்தேன். எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் கழிப்பறைக்குப் பின்னால், பினாயில் கேன் அடுக்கியிருக்கிற இடத்தில் வேலம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். டாக்டரிடம் போகாவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, அது அவளுக்கும் தெரியும். வாயிலிருந்ததைத் துப்பினாள். என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளித்தான் விழுந்தது.

"இந்த வாயை வச்சுக்கிட்டு எப்படித்தான் சோறு திங்கியோ" என்றேன். "பாத்தாலே கொமட்டுது."

அவள் கோபப்படவில்லை. ஆறு வருஷமாக என்னை மேடம் என்று கூப்பிட்டவள், பழையபடி கூப்பிட்டாள்.

"ஏட்டி செம்பகம். ஒன் கைப்பையத் தொற. உள்ள இருக்க டப்பிய வெளிய எடு."

நான் பையை இடுக்கிக்கொண்டேன்.

"மொத சிட்டிகைய ஒன் ஈறுல வச்சது யாரு? நான்தான. இதே கையிதான. மறந்துட்டியாக்கும்?"

மறக்கவில்லை. என் வீட்டுக்காரர் இறந்து ஐந்தாவது மாதம், அவர் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். முதல் நாள் சந்தைச் சாக்கடையில் செத்து ஊதிய பன்றி ஒன்று கிடந்தது. மூன்று தடவை வாந்தி எடுத்தேன். இந்த வேலை வேண்டாம் என்று ஓடப் பார்த்தேன். கிருபாவுக்கு அப்போது ஒரு வயது. வேலம்மா என் தாடையைப் பிடித்து, கீழ் உதட்டை இழுத்து, ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை ஈறில் அப்பினாள். "இத வச்சுக்க. நாத்தம் தெரியாது" என்றாள். காரம் மூக்கு வரை ஏறியது. தலை சுற்றியது. நாற்றம் தெரியவில்லை. நான் அவளோடு சேர்ந்து பன்றியின் காலைப் பிடித்து இழுத்தேன். அன்று அவளை அக்கா என்று கூப்பிட்டேன். மேற்பார்வையாளர் ஆன அன்றைக்கு அதை நிறுத்தினேன்.

"அன்னைக்கு அந்தச் சின்னப்புள்ள கேக்கா, எதாச்சும் வைப்பியான்னு. இல்லைன்னுட்ட. நான் வாயத் தொறந்தேனா?" என்றாள் வேலம்மா. "எனக்குப் பயமா இருக்குட்டி. ஒனக்கும் பயந்தான். நீ போ மொதல்ல. கத்தி பட்டு ஒனக்கு ஒண்ணும் ஆகலன்னா நான் வாரேன். நீ போகாம என்னய மட்டும் வெரட்டாத."

கைப்பையில் ஒரு டப்பி. அலுவலக மேசை இழுப்பறையில் ஒன்று. குளியலறை ஜன்னலில் ஒன்று. அரிசிப் பானைக்குள் ஒன்று. நாள் ஒன்றுக்குப் பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை. பல்வலிக்கு. அந்தப் பல்லை நாலு வருஷத்துக்கு முன்பே பிடுங்கிவிட்டார்கள்.

செப்டம்பர் 5, செவ்வாய்

டாக்டரிடம் சொன்னேன். சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. பட்டியலை எடுத்து என் பெயருக்கு நேரே "இல்லை" என்பதை அடித்து, "மூக்குப்பொடி, ஈறில், 22 வருஷம்" என்று எழுதினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அன்னைக்கே சொல்லியிருந்தா பல்லத் தேச்சு ரெண்டு வாரம் காத்திருக்க மாட்டேன் மேடம். அந்த வாரமே எடுத்திருப்பேன்."

மரத்துப்போக ஊசி. அதுதான் வலித்தது, எறும்பு கடித்த அளவுக்கு. அப்புறம் உதட்டில் யாரோ எதையோ கிள்ளுவது மட்டும் தெரிந்தது. இரண்டு தையல். பத்து நிமிஷம்கூட இல்லை. துண்டை ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் காட்டினாள். பாசிப்பயறு அளவு, வெளுப்பாக, தண்ணீர் மாதிரி ஒரு மருந்தில் மிதந்தது. இதற்காகவா இத்தனை நாள் பயந்தேன் என்று இருந்தது. அதோடு, இதுவா இத்தனை நாள் என் வாயில் இருந்தது என்று குமட்டியது.

வெளியே பெஞ்சில் வேலம்மா. வருவேன் என்று சொல்லவில்லை, வந்திருந்தாள். பஞ்சைக் கடித்துக்கொண்டு வந்த என் மூஞ்சியை மேலும் கீழும் பார்த்தாள்.

"செத்துட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன். சேலை முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

செப்டம்பர் 6, புதன்

நாலு டப்பியையும் கிருபா கையில் கொடுத்தேன். அவள் அழவில்லை. கழிப்பறையில் கொட்டித் தண்ணீரை ஊற்றினாள். "கடலைமிட்டாயாம்" என்றாள்.

பொடி இல்லாமல் எல்லார் மேலும் எரிந்து விழுகிறேன்.

செப்டம்பர் 9, சனி

அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவினேன். இல்லை என்று தெரிந்தும் துழாவினேன். கையெல்லாம் அரிசி மாவு. தூ, இதுவும் ஒரு பிழைப்பா?

செப்டம்பர் 14, வியாழன்

ரிசல்ட் வந்தது. இரண்டு காகிதம்.

என்னுடையதில் புற்று இல்லை. ஆனால் சதைக்குள் இருக்கிற அணுக்கள் குணம் மாற ஆரம்பித்திருக்கின்றனவாம், பாதி வழி வந்துவிட்டனவாம். விட்டிருந்தால் அது புற்றாக மாறியிருக்கலாம். அந்த வெள்ளைப் படையை முழுசாக எடுத்துவிடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும், பொடியைக் கையால் தொடக் கூடாது.

வேலம்மாவுடையது புற்று.

"ஆரம்ப நிலைதாம்மா" என்றாள் டாக்டர். "கழுத்துல கட்டி எதுவும் தட்டுப்படல. நாக்கோட ஓரத்துல கொஞ்சம் எடுப்பாங்க. பேச்சு முதல்ல குழறும், போகப் போகச் சரியாகும். இந்தத் துண்டை எடுக்காம இருந்திருந்தா நமக்குத் தெரிஞ்சே இருக்காது."

வேலம்மா ரொம்ப நேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பிறகு கேட்டாள். "பொழச்சுக்கிடுவேனா தாயி?"

"பொழைக்க வைக்கத்தாம்மா இவ்வளவும்."

ஆகஸ்ட் பதினொன்றிலிருந்து செப்டம்பர் ஐந்து வரை இருபத்தைந்து நாள். நான் அன்றைக்கே உண்மையைச் சொல்லி அந்த வாரமே போயிருந்தால், அவளும் அந்த வாரமே வந்திருப்பாள். இருபத்தைந்து நாள் அவள் நாக்கில் அது வளர்ந்துகொண்டிருந்தது. நான் அவள் துப்புவதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். தூணில் துப்பினவனுக்கு அபராதச் சீட்டு கிழித்தேனே, எனக்கு யார் கிழிப்பது? என்னைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. இந்தக் குமட்டலுக்கு வாய் கொப்பளித்துப் பயன் இல்லை.

செப்டம்பர் 22, வெள்ளி

என் படையை எடுத்தார்கள். அரைமணி நேரம். கஞ்சிதான்.

என் ஆட்களில் இன்னும் மூன்று பேருக்குத் துண்டு எடுக்க எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உதடு வீங்கிப் பேச முடியாமல் இருந்ததால், உதட்டை மடக்கித் தையலைக் காட்டினேன். மூன்று பேரும் திங்கட்கிழமை வருகிறார்கள்.

செப்டம்பர் 27, புதன்

வேலம்மாவுக்கு ஆபரேஷன். காலை எட்டிலிருந்து மத்தியானம் ஒன்றரை வரை. அவள் மகனோடு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகுமுன் என் கையைப் பிடித்தாள். அவள் கையில் புகையிலை வாடை இன்னும் போகவில்லை. நான் தள்ளி நிற்கவில்லை.

கழுத்திலிருந்தும் சதை எடுத்துப் பார்த்ததில் அங்கே ஒன்றும் பரவவில்லையாம். பிழைத்தாள்.

அக்டோபர் 9, திங்கள்

வேலம்மா இடத்துக்கு மாற்று ஆள் இன்னும் தரவில்லை. இன்று கழிப்பறையை நானே கழுவினேன். முகக்கவசம் கேட்டு எழுதிய காகிதம் ஆணையர் மேசையில் பத்து நாளாகத் தூங்குகிறது.

உள்ளே காலை வைத்ததும் நாற்றம் அடித்தது. தினமும் இருக்கிற நாற்றம்தான், புதிதாக ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக நான் அதை முகர்ந்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மூத்திரம், பினாயில், அழுகல், எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு வாந்தி எடுத்தேன். முதல் நாள் மாதிரியே மூன்று தடவை. கை தானாகக் கைப்பைக்குள் போனது. பையில் சாவிக்கொத்தும் மாத்திரைச் சீட்டும்தான் இருந்தன.

பினாயில் கேன் மேல் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. வேலம்மாவின் மகன் நம்பர். மூக்கில் விட்டிருந்த குழாயை நேற்று எடுத்துவிட்டார்களாம், அம்மா பேசணும் என்கிறாள் என்றான். குழறலாக, ஒவ்வொரு சொல்லாக, அவள் குரல்.

"ஏட்டி... செம்பகம்... எங்க இருக்க?"

"ஒன் எடத்துலதான். கக்கூஸ் கழுவுதேன்."

அவள் சிரித்தாள் என்று நினைக்கிறேன். இல்லை, அழுதாளோ.

"டப்பி... இல்லாமயா?"

"இல்லாமத்தான்."

"நாறுதா?"

"நாறுதுக்கா" என்றேன். "ரொம்ப நாறுதுக்கா."